இரண்டாம் மொழிக்காரர்களின் ஊர்

ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்றதும், வழியில் சந்தித்த பயணிகள் பலரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: கோஸ்டா ரிக்காவின் கரீபியக் கரைக்கு மட்டும் போகாதீர்கள். அங்கே யாரிடம் வாய் திறந்தாலும் ஆங்கிலத்தில் பதில் வரும், கடலும் தென்னை நிழலும் படிக்க விடாது, குவாதமாலாவில் ஆன்டிகுவாவுக்குப் போங்கள், அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஸ்பானிஷ் பள்ளிகள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் நான் புவெர்த்தோ வியெஹோவில் தங்கினேன். இன்று யார் கேட்டாலும் அந்த ஊரைத்தான் சொல்வேன். தமிழர்கள் கேட்டால் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து பஸ் ஏறினால் மலைக்காட்டைக் கடந்து, லிமோன் துறைமுகத்தைத் தொட்டு, பிறகு கடலோரமாகவே தெற்கே பனாமா எல்லையை நோக்கி ஓடுகிறது. நாலரை, ஐந்து மணி நேரப் பயணம். ஊருக்குள் எல்லோருக்கும் சைக்கிள்தான் வாகனம். ஒரு பக்கம் கறுப்பு மணல் கடற்கரை. இன்னொரு பக்கம் அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் ‘சால்சா பிராவா’ என்ற முரட்டு அலை. நாட்டின் மற்ற பகுதிகளில் மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபரில் இங்கே வெயில் அடிக்கிறது. காலையில் வகுப்பு. மதியத்துக்கு மேல் ஊரே திண்ணையில் உட்கார்ந்துவிடும். பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை.

ஊர்க்காரர்களின் வீட்டு மொழி ஸ்பானிஷ் இல்லை என்பது வந்த புதிதில் என்னைச் சற்றுக் கலங்க வைத்தது உண்மை. ஆமை பிடிக்க வந்து குடியேறிய ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பங்கள் உருவாக்கிய கரை இது. 1872-இல் ஜமைக்காவிலிருந்து லிமோனுக்கு ரயில் பாதை போட ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். மலைமேல் விளையும் காப்பியைக் கப்பலுக்குக் கொண்டுவருவதற்கான அந்தப் பாதை 1890-இல் முடிந்தது. அதன் ஓரமாகவே வாழைத் தோட்டங்கள் பெருகின. உழைக்க வந்தவர்கள் தங்கள் ஆங்கிலத்தையும் தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். நாடு அவர்களை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. வாழைக் கம்பெனி பசிபிக் கரைக்கு நகர்ந்தபோது அங்கே கறுப்பினத்தவரை வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்று 1934 ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கும் குடியுரிமைக் கதவு ஒழுங்காகத் திறந்தது 1948 உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான். அரசுப் பள்ளியோடு ஸ்பானிஷ் வந்தது. ஓல்டு ஹார்பர் புவெர்த்தோ வியெஹோ ஆனது. கிரேப் பாயின்ட் புன்டா ஊவா ஆனது.

நான் தங்கிய வீட்டின் பாட்டியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. இந்தக் கரையில் மூத்த பெண்களைப் பெயருக்கு முன் ‘மிஸ்’ சேர்த்து அழைப்பது வழக்கம். நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன். பேத்தியோடு லிமோன் ஆங்கிலத்தில் பேசுவார். என்னோடு பேசும்போது மட்டும் நிறுத்தி நிதானமாக ஸ்பானிஷ். ஒருநாள் வினைச்சொல் கிடைக்காமல் நான் நின்றபோது சொன்னார்: “அவசரமே வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள். எனக்கும் இது பள்ளிக்கூடத்தில் வந்த மொழிதான். வீட்டில் ஒரு சொல் கிடையாது. முதல் வருஷம் முழுக்க நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஊரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். எதிர்க்கடையில் அரிசி வாங்க வரும் பிரிப்ரி பழங்குடிப் பெண்ணுக்கும் ஸ்பானிஷ் இரண்டாம் மொழி. தலமன்கா மலையடிவாரத்தில் அவர்கள் பேசுவது தொனி மாறினால் பொருள் மாறும் முற்றிலும் வேறொரு மொழி. ஆளுக்கொரு தாய்மொழியை அடியில் வைத்து, அதன்மேல் ஸ்பானிஷைக் கட்டியிருக்கிறார்கள். குறையாக அல்ல, முழுமையாக. லிமோன் மாகாணத்தில் ஆங்கிலம் பேசும் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த குவின்ஸ் டங்கன், ஸ்பானிஷில் நாவல்கள் எழுதி நாட்டின் முக்கியமான எழுத்தாளர் ஆனார். அப்படியிருக்க, நான் மட்டும் ஏன் என் ஸ்பானிஷை ஆங்கிலத்தின்மேல் கட்ட வேண்டும்? வகுப்பில் விளக்கமெல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். நான் குறிப்பேட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தேன்.

‘மே குஸ்தா எல் கஃபே.’ கூடப் படித்த ஆங்கிலக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ‘நான்’ எங்கே போனது, காப்பி எப்படி எழுவாய் ஆனது என்று ஆசிரியையை மறுபடி மறுபடி கேட்டார்கள். நமக்கு இதில் என்ன இருக்கிறது? எனக்குக் காப்பி பிடிக்கும். அவ்வளவுதான். ‘மே துவெலே லா கபேசா’: எனக்குத் தலை வலிக்கிறது. ‘ஸே மே ஒல்விதோ’: எனக்கு மறந்துபோச்சு. ‘நான்’ என்று முன்னால் வந்து நிற்காமல், தனக்கு நேர்வதாகச் சொல்லும் இந்தக் கண்ணியம் இரண்டு மொழிக்கும் பொது. எழுவாய் இல்லாமலே வினைமுற்று ஆளைக் காட்டிவிடுவதும் அப்படியே. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே சிலிர்க்க வைத்தது. ஸ்பானிஷில் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் ஒரு ‘ஆ’ போட வேண்டும். பொருளுக்குப் பொதுவாக வேண்டாம். வீடு பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். வீட்டுக்கு ‘ஐ’ இல்லாமல் சமாளிக்கலாம், மாமாவுக்கு முடியாது. யாரென்று இன்னும் தெரியாத ஆளைத் தேடும்போது அந்த ‘ஆ’ உதிர்ந்துவிடும் என்று ஆசிரியை சொன்னபோது, ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்று பக்க ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒலியிலும் நாம் பாதி வழி வந்துவிட்டவர்கள். ஸ்பானிஷின் ‘த’ நம் பல்லொலி ‘த’தான். ‘மஞானா’வில் வருவது நம் ‘ஞ’தான். ‘பெரோ’ என்றால் ஆனால். அந்த ‘ர’வை உருட்டி அழுத்தினால் நாய். ‘ர’கரமும் ‘ற’கரமும் வேறு என்று அடி வாங்கிப் படித்த தலைமுறைக்கு இது புதிதில்லை.

கோஸ்டா ரிக்கர்கள் ‘உஸ்தேத்’ என்ற மரியாதைச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். தாய் குழந்தையிடம், நண்பன் நண்பனிடம், ஏன், நாயைக் கூப்பிடும்போதுகூட. மற்ற நாடுகளில் படித்துவிட்டு வந்தவர்கள் இதைக் கேட்டு, என்னை ஏன் இவ்வளவு தள்ளி வைக்கிறார்கள் என்று வருந்துவதுண்டு. சின்னப் பிள்ளையையும் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்னும் கோயம்புத்தூர் வீடுகளை அறிந்தவர்களுக்கு அதிலுள்ள பிரியம் உடனே புரியும்.

மாலையில் மிஸ் ஒரு குவளை ‘ஆகுவா தே சாப்போ’ தருவார். வெல்லம், இஞ்சி, எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீர். ராமநவமிப் பானகமேதான். ஏலக்காய் மட்டும் இல்லை. தேங்காய்ப் பாலில் வேகவைத்த பீன்ஸ் சாதமும் இந்தக் கரைக்கே உரியது. எப்படிச் செய்வது என்று கேட்டுக் கேட்டே ஏவல் வினைகள் எனக்கு வசப்பட்டன: துருவுங்கள், பிழியுங்கள், மூடி வையுங்கள். பாடநூலின் ஏவல் அத்தியாயத்தைப் பிறகு புரட்டினேன். புதிதாக அதில் அதிகம் இல்லை.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணை என்ற ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுப் பழகிய மனத்துக்கு இது பெரும் பாரம். ‘நான் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் முடிப்பவர்கள் நாம். அங்கே ‘சேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் காத்திருக்கின்றன. நிலையான தன்மைக்கு ஒன்று, இப்போதைய நிலைக்கு ஒன்று என்று ஆங்கிலப் பாடநூல் சொல்லும் விதி பாதி இடங்களில்தான் செல்லுபடியாகும். இறந்தவர்களுக்கும் ‘எஸ்தார்’தான் வருகிறது.

அதனால்தான் தமிழ் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தரும் நல்ல பாடநூல் ஒன்று நமக்கு வேண்டும் என்கிறேன். முதல் பாடம் ‘எனக்குப் பிடிக்கும்’. அடுத்தது வினைமுற்றுகள், அதற்கடுத்து ‘ஐ’ உருபு. ஆண்பால் பெண்பாலைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். கற்பவர் அதற்குள் நாலு பேரோடு பேசத் தொடங்கியிருப்பார். என் குறிப்பேட்டில் வேற்றுமைகள் வரை வந்திருக்கிறேன். ஸ்பானிஷ் அறிந்த தமிழாசிரியர் யாரேனும் இதைப் படித்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், சேர்ந்து முடிப்போம்.