துடைப்பத்தோடு வந்து கேளுங்கள்!



நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பையன்கள் விளையாட மைதானத்தைத் திறந்து விடுவோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரே குப்பை! ஒருநாள் தலைமை ஆசிரியர் கேட்டைப் பூட்டிவிட்டார். "எங்க மைதானம் சார், திறந்து விடுங்க" என்று பையன்கள் போய் நின்றனர். "மைதானம் உங்களுடையது... சரி. அந்தக் குப்பை யாருடையது?" என்று கேட்டார் அவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதே கேள்வி, அமெரிக்காவில் பெரியவர்களுக்கே வந்தது.

கலிபோர்னியா மாநிலத்தின் சியரா நெவாடா மலையில், 'ரூபிகான்' என்ற காட்டுப் பாதை இருக்கிறது. நீளம் சுமார் 35 கி.மீ. பாதை என்று பெயரே தவிர, பல இடங்களில் வெறும் பாறைகள்தான். சாதாரண கார் போகாது. இன்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் கிடைக்கிற ஜீப் போன்ற வண்டிதான் ஏறும். 1953ல் அங்கே ஜீப் பிரியர்களின் கூட்டுப் பயணம் தொடங்கியது. ஜீப் கம்பெனி, தன் வண்டி ஒன்றுக்கு 'ரூபிகான்' என்றே பெயர் வைத்திருக்கிறது என்றால் பாருங்களேன்!

ஆட்கள் கூடக் கூட, தொல்லையும் கூடியது. காட்டில் கழிப்பறை ஏது? ஸ்பைடர் ஏரிப் பக்கம் மனிதக் கழிவு பெருகியதால், 2004ல் அங்கே முகாமிடத் தடை வந்தது. பாறையில் மோதி வண்டியின் அடிப்பாகம் உடைந்தால், ஆயில் ஒழுகும். சக்கரம் கிளறிய மண், மழையிலும் பனி உருகிய நீரிலும் கரைந்து ஓடையில் சேரும். கூழாங்கற்களுக்கு இடையே மீன் இட்ட முட்டைகளைச் சேறு மூடினால், அவை காற்றில்லாமல் அழிந்துவிடும்.

2009ல், நீரின் தூய்மையைக் காக்கும் அரசு வாரியம் இதற்காகப் பொதுக் கூட்டம் நடத்தியது. பாதையை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில், ஜீப் பிரியர்கள் திரண்டு வந்தனர். வாரியம் பாதையை மூடவில்லை. ஆனால், மண் அரிப்பு, ஆயில், மனிதக் கழிவு மூன்றையும் சரிசெய்யும்படி, உள்ளூர் நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் உத்தரவிட்டது.

அவர்கள் கூட்டத்துக்குப் போனது சரியா? சரிதான் என்பேன். நம்மைப் பாதிக்கும் முடிவு எடுக்கும் இடத்தில், நேரில் போய் மரியாதையாகப் பேசுவது நல்ல பழக்கம். வீட்டில் உட்கார்ந்து முணுமுணுப்பதால் என்ன பயன்?

ஆனால், அந்தக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் உண்டே! மீன் வந்து பேசுமா? ஓடை கை தூக்குமா? அவற்றுக்காகவும் காட்டை நேசிப்பவர்கள்தான் பேச வேண்டும். வண்டியே நுழையக் கூடாத இடம் என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

ஜீப் பிரியர்களில் பலர் இதைப் புரிந்துகொண்டவர்கள். 'ரூபிகான் நண்பர்கள்' என்ற குழுவினர், பாதையைச் செப்பனிடத் தாங்களே உழைத்தனர். ஒழுகும் ஆயிலைத் துடைக்கும் பொருட்களையும், கழிவைக் கட்டி எடுத்து வரும் பைகளையும் கூடவே கொண்டு போகும்படி, பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. அசிங்கமான வேலைதான். ஆனால், அதைச் செய்பவருக்குத்தான், 'பாதையைத் திற' என்று கேட்கும் தகுதி கூடுகிறது.

எங்கள் மைதானம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுநாள் காலை, பையன்கள் நான்கைந்து பேர் துடைப்பத்தோடு வந்து நின்றனர். தலைமை ஆசிரியர் எதுவும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை நீங்கள் எதையாவது, 'எங்களுக்கு வேண்டும்' என்று கேட்கப் போகும்போது, கையில் துடைப்பம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், செல்லங்களே!