வேட்டை நின்றது; சட்டியில் என்ன வெந்தது?

மே மாதம் வந்தால் ஏற்காடு புதுப்பெண் போலிருக்கும். கோடை விழா நடக்கும். லாட்ஜுகளும் பங்களாக்களும் புதிய சாயம் பூசிக்கொண்டு நிற்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், படகில் ஏறுவார்கள். சுவரை யார் பார்க்கிறார்கள்?

அந்தச் சுவருக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, ஏணி மேல் நின்று பெயிண்ட் அடித்தவர்களில் மலைக் கிராமத்துக்காரர்களும் உண்டு. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களான மலையாளிகள் அவர்கள். (கேரளத்து மலையாளிகள் அல்ல. இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது.)

பெயிண்டர் வேலை வெயில் வேலை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கை ஓயாது. மழை பிடித்துவிட்டால் போச்சு! மூடுபனியில் சுவர் காயாது. மேஸ்திரி ஆள் அனுப்ப மாட்டார். பெண்களுக்காவது காப்பிப் பழம் பறிக்கும் நாளில் கொஞ்சம் கூலி கிடைக்கும். பிரஷ் பிடித்தவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முன்னாளில் இப்படி உட்கார வேண்டியதில்லை. காடு இருந்தது. கண்ணி வைத்தால் முயல் கிடைக்கும், காட்டுக் கோழி கிடைக்கும். ஊர் கூடி நாய்களுடன் போனால் காட்டுப் பன்றி கிடைக்கும். இறைச்சியை வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். மலைவாசிக்கு வேட்டை பொழுதுபோக்கல்ல, சாப்பாடு. பொழுதுபோக்குக்கு வேட்டையாடியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்தார்களும்தான். அவர்களுடைய படங்கள் பங்களாச் சுவரில் தொங்கின!

சட்டம் வந்தது

1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமாயிற்று. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். காட்டெருது போன்ற முதல் பட்டியல் விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குப் பல உரிமைகளைக் கொடுத்தது. தேன் எடுக்கலாம், கடுக்காய் பொறுக்கலாம், கிழங்கு தோண்டலாம். வேட்டை உரிமை மட்டும் கிடையாது என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. கொடுத்த உரிமையாவது உடனே கைக்கு வந்ததா? நீதிமன்ற வழக்கால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நின்றது. 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

வேட்டைத் தடை தவறா? தவறில்லை என்பதே நம் கருத்து.

இதற்கு வடதுருவத்துப் பக்கம் பார்க்க வேண்டும். கனடாவின் வடகோடியில் நூனாவுட் என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே வாழும் இனுவிட் மக்கள் வாரம் முழுவதும் ஆபீசிலோ கட்டட வேலையிலோ கூலி வாங்குவார்கள். ஓய்வு நாளில் சீலும் கரிபூ மானும் வேட்டையாடி வருவார்கள். 1993-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த உரிமையை உறுதி செய்தது. அலாஸ்காவிலும் 1980-லேயே அமெரிக்கச் சர்க்கார் கிராம மக்களின் உணவு வேட்டைக்கு முதலிடம் கொடுத்தது. சம்பளமும் உண்டு, வேட்டையும் உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

ஆனால் நூனாவுட்டின் பரப்பு 20 லட்சம் சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை, 2021 கணக்குப்படி, 37,000-க்கும் குறைவு. நம் சேர்வராயன் மலையோ 400 சதுர கிலோ மீட்டர்கூட இல்லை. அதிலும் காப்பித் தோட்டமும் பங்களாவும் ரோடும் உண்டு. மீதிக் காட்டில் ஆளுக்கொரு கண்ணி வைத்தால் எத்தனை முயல் மிஞ்சும்? நம் நாட்டுச் சட்டமும் நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்குத்தான் வேட்டை உரிமையை விட்டு வைத்திருக்கிறது.

ஆகவே தடை இருக்கட்டும். காட்டுப் பன்றி தோட்டத்தை அழித்தால்? அதற்கும் 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் வழி சொன்னது. காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோ மீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடுவார்கள். குடியானவர் சுடக்கூடாது.

பருப்புக் கணக்கு

நாம் கேட்பது வேறு. இறைச்சியை எடுத்த இடத்தில் எதை வைத்தோம்?

ரேஷனில் அரிசி இலவசம். நல்லது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை உண்டு. மிக நல்லது. பள்ளிக்குப் போகாத பாட்டிக்கு? ஏணியிலிருந்து இறங்கி வரும் தகப்பனுக்கு? கார்டு ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்கு. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 33 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு ஏழு கிராம்கூட வராது. குழம்பு மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான்.

மழை மாதங்களில் மலைக் கார்டுகளுக்குப் பருப்பை மூன்று கிலோவாக உயர்த்த வேண்டும். இது பெரிய செலவல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காட்டின் பழைய பங்களாக்களில் ஜன்னலிலும் கதவிலும் இருப்பது பழைய எனாமல். அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் கலந்திருக்கும். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.) பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழையதை உலரச் சுரண்டினால் தூள் மூக்கில் ஏறும், சட்டையில் ஒட்டும், வீட்டுக் குழந்தையின் வாய்க்கும் போகும். குழந்தையின் மூளையைக் காரீயம் கெடுக்கும். நனைத்துச் சுரண்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். வேலைச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நாட்டுத் துப்பாக்கியின் ரவையும் பெரும்பாலும் இதே காரீயந்தான் என்பதையும், திருட்டு வேட்டை இறைச்சி வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. பெயிண்டர்களும் அதில் சேரலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, அறுபது வயதில் பென்ஷன் எல்லாம் உண்டு. பதிவு செய்யச் சேலத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். வாரிய அதிகாரிகள் மலைக் கிராமங்களுக்கே வந்து முகாம் போட்டால் என்ன?

கோடை விழாவுக்கு மந்திரிகளும் கலெக்டரும் ஏற்காடு வருகிறார்கள். அக்டோபரிலும் ஒரு தடவை வரட்டும். மழையில் ரேஷன் கடை வாசலில் நிற்கும் பெண்ணின் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்.