மகனுக்கும் ஒரு வேலைப் பலகை!

"எட்டு வயசாச்சு டாக்டர்... குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டேங்கறான். இதுக்கு லேகியம் ஏதாச்சும் இருக்கா?"

வெள்ளானூர் பக்கத்துத் தாய்மார்கள் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. லேகியம் எதற்கு? பழைய தினசரி காலண்டர் அட்டை போதும்!

வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, மேலே ஏழு கிழமைகளையும் எழுதுங்கள். இடது ஓரத்தைக் காலியாக விட்டு, லேமினேஷன் செய்து அட்டையில் ஒட்டுங்கள். காலி இடத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் நான்கே வேலைகள். படிக்கத் தெரியாத குழந்தைக்கு டம்ளர், செருப்பு என்று படம் வரையுங்கள். முடித்ததும் குழந்தையே 'டிக்' அடிக்கட்டும். ஞாயிறு இரவு துணியால் துடைத்தால், திங்களன்று புதுப் பலகை!

1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த டாக்டர் மரியா மாண்டிசோரி, பெருக்குவதையும் துடைப்பதையும் குழந்தைகளுக்குப் பாடமாகவே வைத்தவர். எங்கள் சித்த மருத்துவத்திலும் 'பிணியணுகா விதி' உண்டு. அன்றாட ஒழுக்கத்தாலேயே நோயை அண்டவிடாமல் செய்யும் வழி அது. எனவே, சாப்பிடும் முன் கை கழுவுவதும் பலகையில் இருக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 'டிக்'குக்குக் காசு, சாக்லெட் கொடுக்காதீர்கள், அப்புறம் "எவ்வளவு தருவே?" என்று பேரம் ஆரம்பித்துவிடும். அடுத்தது, பாத்திரம் மகளுக்கு, கடைக்குப் போவது மகனுக்கு என்று பிரிக்காதீர்கள். வாரம்தோறும் மாற்றுங்கள். அழித்து எழுதும் பலகையின் லாபமே அதுதானே!

தன் கையே தனக்குதவி என்பதில் ஆண், பெண் பேதம் ஏது?