மலத்தைப் பற்றிப் பேச ஏன் கூச்சம்?

மாணவர்களே, ஒவ்வோர் ஆண்டும் படிவம் 2-இல் செரிமானப் பாடம் எடுக்கும்போது ஒரு காட்சி தவறாமல் நடக்கும். வாய், வயிறு, சிறுகுடல் என்று வரும்வரை எல்லாரும் ஒழுங்காகக் குறிப்பெடுப்பார்கள். 'மலம்' என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும். கொஞ்ச நேரத்தில் அது முன்வரிசைக்கும் வந்துவிடும். முன்பெல்லாம் நானும் அந்தப் பகுதியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. காரணம், என் தாய்மாமா.

மாமா லோரி ஓட்டுநர். நன்றாகச் சாப்பிடுவார், காலையில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம் போகும். ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அதற்கு முன்பே மேல்வயிற்று வலி அடிக்கடி வந்து போகும். பிறகு இனிப்புநீரும் வந்தது. மெலிவுக்கு இனிப்புநீர்தான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டோம். கிளினிக்கில் டாக்டர், "மலம் எப்படிப் போகிறது?" என்று கேட்டாராம். பக்கத்தில் மகளும் தாதியும் நின்றார்கள். "நல்லாப் போகுது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உண்மையில் அது வெளிறிப்போய், எண்ணெய் பிசுபிசுப்போடு, கடும் நாற்றத்துடன் மிதந்துகொண்டிருந்தது. மூன்று முறை ஃபிளஷ் அழுத்தினாலும் முழுதாகப் போகாது. இதை வெளியே சொன்னது மாமா அல்ல, கழிவறையைக் கழுவிக் கழுவி அலுத்துப்போன அத்தை. அவர் டாக்டரிடம் சொன்ன பிறகுதான் சரியான பரிசோதனை தொடங்கியது.

மாமாவுக்கு இருந்தது கணைய நொதிக் குறைபாடு. கணையம் என்றதும் நீங்கள் தேர்வில் 'இன்சுலின்' என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். இன்சுலின் சுரக்கும் பகுதி அந்த உறுப்பின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மற்றதில் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் செய்யும் தொழிற்சாலை. மாவுச்சத்தைச் செரிக்க உமிழ்நீரும் உதவும், புரதத்தைச் செரிக்க இரைப்பையும் கைகொடுக்கும். கொழுப்பின் நிலைமை வேறு. அது பெரும்பாலும் கணையத்தின் லைபேஸை மட்டுமே நம்பியிருக்கிறது. அதனால்தான் கணையம் சோர்ந்தால் முதலில் அடிபடுவது கொழுப்புச் செரிமானம். நாசி லெமாக்கில் இருந்த தேங்காய்ப்பாலும் எண்ணெயும் மாமாவின் உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தன.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் குளோட் பெர்னார்ட். 1840-களில் முயல்களை வைத்து ஆராய்ந்தார். முயலின் உடலமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு: பித்தநாளம் குடலின் தொடக்கத்திலேயே திறக்கும், கணைய நாளமோ அதற்கு வெகு கீழே போய்த் திறக்கும். கொழுப்புள்ள உணவு கொடுத்த பிறகு பார்த்தால், கணைய நாளம் திறக்கும் இடத்துக்குக் கீழேதான் குடலின் நிணநாளங்கள் பால்போல வெளுத்திருந்தன. அதற்கு மேலே வெளுக்கவில்லை. அப்படியானால் கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் மட்டும் போதாது, கணையநீரும் வேண்டும். எவ்வளவு எளிய கவனிப்பு பாருங்கள்! பாடநூலில் இது இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இதைவிட என்னை உலுக்கியது 1973-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டிமேக்னோவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு. லைபேஸ் சுரப்பு வழக்கமான அளவில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால்தான் மலத்தில் கொழுப்பு மிகுதியாக வெளிப்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பத்தில் ஒன்பது பங்கு போகும்வரை உடம்பு சமாளித்துக்கொள்கிறது. அத்தனை காலத்துக்குப் பிறகு கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அடையாளத்தைக் கழிவறையில் காட்டுகிறது. நாமோ அதை யாருக்கும் சொல்லாமல் ஃபிளஷ் செய்துவிடுகிறோம். அதற்குள் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராமல் போயிருக்கும். எலும்பு பலவீனமாகும், மாலைக்கண் வரலாம், இரத்தம் உறைவது தாமதமாகலாம்.

ஒருநாள் மலம் மிதந்தால் பயந்துவிடாதீர்கள். குடலில் வாயு கூடினாலும் மிதக்கும். மிதப்பதோடு எண்ணெய்ப்பசை, மெலிவு, வயிற்று உப்புசம் எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும். பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. சிறு குப்பியில் கொஞ்சம் மலம் கொடுத்தால் போதும். கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி அதில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 100-க்கும் கீழே என்றால் குறைபாடு கடுமை. வயிற்றுப்போக்கு உள்ளபோது எடுத்தால் நீர்த்துப்போய் அளவு தவறாகக் குறைந்து காட்டும்.

மாமாவின் ஸ்கேனில் கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் தெரிந்தன. நாள்பட்ட கணைய அழற்சி. உடனே உறவினர்கள் சிலர், "ரகசியமாகக் குடித்திருப்பார்" என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் குடித்ததே இல்லை. புகைத்தார், அதுவும் கணையத்தைக் கெடுக்கும். மது ஒரு முக்கியக் காரணம்தான், ஒரே காரணம் அல்ல. குடிப்பழக்கமே இல்லாத இளையோருக்கும் இத்தகைய கற்கள் வருவதைக் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960-களிலேயே பதிவு செய்திருக்கிறார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயில் பச்சைக் குழந்தைக்கே இந்தக் குறைபாடு வருகிறது. அந்தக் குழந்தை என்ன குடித்தது?

சிகிச்சை, குறைந்துபோன நொதியை வெளியிலிருந்து கொடுப்பது. கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளுக்கு இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சு இருக்கிறது. சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும். அதனால் மெல்லக்கூடாது. உணவோடு கலக்க வேண்டும் என்பதால் சாப்பிடும்போதே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை.

இதில் இன்னொரு கூச்சமும் இருக்கிறது. இந்த நொதி பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. நம் நாட்டில் பலருக்கு இது சமயம், சைவ உணவு சார்ந்த கேள்வி. கேள்வி எழுவதில் தவறே இல்லை. டாக்டரிடமும் சமயப் பெரியவரிடமும் கேட்காமல், சொல்லாமல் கொள்ளாமல் மருந்தை நிறுத்துவதுதான் தவறு.

மாமா வெள்ளிக்கிழமை சைவம். அன்று மட்டும் கேப்சூலை விட்டுவிடலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் நேராகவே கேட்டார். "கிழமைக்கு இல்லை ஐயா, வேளைக்கு. சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் வேண்டும்" என்றார் டாக்டர். பிறகு, மலம் எப்படிப் போகிறது என்றும் கேட்டார். இந்த முறையும் மகள் பக்கத்தில்தான் இருந்தாள். மாமா நிறம், நாற்றம், எத்தனை முறை ஃபிளஷ் என்று எல்லாவற்றையும் சொன்னார்.