மூட்டு வலிக்குத் தைலம் மட்டும் போதுமா?

'ஆபரேஷன் இல்லாம சரியாயிடுமா டாக்டர்?' முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் சித்த வைத்தியன், இருந்தும் சொல்கிறேன். தேய்ந்த குருத்தெலும்பை எந்தத் தைலமும் மறுபடி வளர்த்துவிடாது. 'மூணே நாள்ல வலி போயிடும்' என்று பேரில்லாத பொட்டலத்தில் பொடி கொடுத்தால் உஷார்! அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

அப்படியானால் கத்திதான் வழியா? பலருக்கு அவசியமே இல்லை. எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுக்கு அதுவே தூண். பிண்டத் தைலமும் நொச்சி இலை ஒற்றடமும் வலியைத் தணித்து, பயிற்சி செய்யத் துணை நிற்கும். அவ்வளவுதான் அவற்றின் வேலை.

மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள். திடீரென மூட்டு வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எல்லாம் செய்தும் ராத்தூக்கம் கெடுகிறது, நாலடி நடக்க முடியவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்குத் தயங்காதீர்கள். அதையும் இந்த வைத்தியன்தான் சொல்கிறேன்.