தூண்டில் புழு

"கணக்குத் தொடங்கு, இணையம் இலவசம்!" "பாங்கை மாற்று, பேச்சு இலவசம்!" எங்கும் இதே கூப்பாடு. மில் தோழரே, வயலில் பாடுபடும் தோழரே! கம்பெனிக்காரன் என்றைக்குச் சும்மா கொடுத்தான்?

2017 ஜனவரியில் ஏர்டெல் பேமென்ட்ஸ் பாங்கு நாடெங்கும் கடை விரித்தது. கணக்குத் தொடங்கும்போது போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு நிமிஷப் பேச்சு இனாம் என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் குட்டு உடைந்தது. செல்போன் எண்ணைச் சரிபார்ப்பதற்காகக் கைரேகை வைத்தவர்களின் பெயரில், சம்மதமில்லாமலே கணக்குகள் திறந்ததாகப் புகார்கள் குவிந்தன. காஸ் மானியம் பழைய கணக்குக்கு வரவில்லை. அவர்கள் அறியாத புதுக் கணக்கில் போய் விழுந்தது. ரிசர்வ் பாங்கு விசாரித்து, 2018 மார்ச்சில் 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

சூட்சுமம் இதுதான்: ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் சர்க்கார் பணம், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும். இனாம் ஒரு மாதத்தில் தீரும். மானியமும் கூலியும் திசை மாறினால் அலைவது நீங்கள்தான்.

பாங்கை மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வட்டி என்ன, பிடித்தம் என்ன, ஆதாரை எந்தக் கணக்கில் இணைக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ரேகை வையுங்கள். புழுவைப் பார்க்கிற மீன், முள்ளையும் பார்க்கட்டும்!