பாதி போட்டால் பாதியா?

என் உறவுக்காரப் பெண்ணின் தலைமாட்டில் ஒரு குங்குமச் சிமிழ் இருந்தது. உள்ளே குங்குமம் இல்லை. அரை அரையாக உடைத்த வெள்ளை மாத்திரைகள். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், 10 மில்லிகிராம். மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே மாமியார் சொல்லிவிட்டார்: "முழுசா நிறுத்த வேணாம். பாதியா போட்டுக்கோம்மா. உனக்கும் ஆச்சு, பிள்ளைக்கும் பாதிதானே போகும்." மருந்துக்கடைக்காரரும் தலையாட்டினார். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்த யோசனையில் கெட்ட எண்ணம் இல்லை. சொத்துத் தகராறில் வரப்பை நடுவில் போடுகிற பஞ்சாயத்து மாதிரி, இரு தரப்புக்கும் நியாயமாகத் தெரிகிறது. கணக்குதான் உதைக்கிறது.

முதலில், வாயில் போடுகிற அளவும் ரத்தத்தில் நிற்கிற அளவும் ஒன்றல்ல. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. இதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கல்லீரல். மருந்தைச் சிதைக்கும் நொதிகளில் சிப்2டி6, சிப்3ஏ4 போன்றவை கர்ப்பத்தில் வேகமெடுக்கின்றன. சிப்2சி19, சிப்1ஏ2 மந்தமாகின்றன. எந்த மாத்திரை எந்த நொதியின் கையில் சிக்குகிறது என்பதைப் பொறுத்து ரத்த அளவு இறங்கலாம், ஏறலாம், அப்படியே நிற்கலாம். நார்வேயில் மனச்சோர்வு மாத்திரை எடுத்த கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனைகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில், கடைசி மூன்று மாதங்களில் பராக்ஸெட்டின் 51 சதவீதமும் ஃப்ளூவாக்ஸமின் 56 சதவீதமும் குறைந்திருந்தன. சிட்டலோபிராம் 24 சதவீதம் இறங்கியது. செர்ட்ரலினோ 68 சதவீதம் கூடியிருந்தது! பராக்ஸெட்டின் போடுகிறவள் அதையும் பாதியாக்கினால் அவள் ரத்தத்தில் மிஞ்சுவது பழைய அளவில் கால் பங்குதான்.

இதொன்றும் நேற்றைய கண்டுபிடிப்பும் அல்ல. டிரைசைக்ளிக் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளுக்குக் கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் சராசரியாக 1.6 மடங்கு அளவு தேவைப்பட்டதாக அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் விஸ்னர் குழு 1993-லேயே எழுதிவிட்டது.

"அப்படியானால் எல்லாருக்கும் கூட்டிக் கொடுங்கள்" என்பதும் அதே தப்புதான், தலைகீழாக. அந்த நார்வே ஆய்வில் எஸ்சிட்டலோபிராமின் சராசரி பெரிதாக மாறவில்லை. ஆனால் சராசரி மாறவில்லை என்றால் என் உறவுப் பெண்ணுக்கும் மாறாது என்று பொருளில்லை. எஸ்சிட்டலோபிராமைப் பெரும்பாலும் கவனித்துக்கொள்ளும் சிப்2சி19 நொதி, ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் பிறவியிலேயே வேலை செய்யாது. தமிழர்களில் அப்படிப்பட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல். அவர்கள் உடம்பில் மருந்து ஏற்கெனவே கூடுதலாகத் தங்கும். நார்வே எண்ணை அப்படியே நம் வீட்டு நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைக்க முடியாது.

"பிள்ளைக்குப் போவதாவது குறையுமே?" குறையும், மறுக்கவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் மருந்து பொதுவாகத் தாயின் அளவைவிடக் குறைவாகவே இருக்கிறது. செர்ட்ரலினும் பராக்ஸெட்டினும் இன்னும் குறைவு. ஆனால் அரை மாத்திரையால் நோய் அடங்காவிட்டால் குழந்தைக்கு இரண்டும் வந்து சேர்கின்றன: கொஞ்சம் மருந்து, கூடவே சாப்பிடாத, தூங்காத அம்மா. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரையை நிறுத்திய கர்ப்பிணிகளில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது; தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். அவர்கள் மனநல சிகிச்சை மையங்களுக்கு வந்த, நோய் முன்பே பலமுறை வந்துபோன பெண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். லேசான சோர்வு உள்ளவர்களுக்கு அதே விகிதத்தைப் பொருத்தக் கூடாது.

பயமுறுத்தும் எண் ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் குறையாமல் நின்றுவிடும் கோளாறு. 2015-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், மருந்து எடுக்காதவர்களின் குழந்தைகளில் அது 10,000-க்கு சுமார் 21. எடுத்தவர்களிடம் சுமார் 32. கூடுகிறது, உண்மை. பத்தாயிரம் தொட்டிலில் பதினொன்று. பிறந்த சில நாட்கள் நடுக்கமும் விடாத அழுகையும் இதைவிட அடிக்கடி வரும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், குழந்தை மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

யாரும் பேசாத இன்னொன்று: பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் கல்லீரல் பழைய நடைக்குத் திரும்பும். கர்ப்பத்தில் கூட்டிய அளவை அப்போது மறுபடி பார்க்காவிட்டால் மருந்து தேவைக்கு மேல் ஏறும்.

இத்தனைக்கும் மேல், வீட்டில் எடுத்த பாதி முடிவு டாக்டரின் கணக்கையும் கெடுக்கிறது. ஆறாம் மாதம் என் உறவுப் பெண் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, மடித்த துணிகளையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போனார்கள். "பத்து மில்லிகிராம் ஒழுங்கா போடுறீங்களா?" என்றார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "போடுறேன் டாக்டர்" என்றாள். "அப்போ இந்த மருந்து உங்களுக்குக் கேக்கல, வேற மாத்திப் பார்ப்போம்" என்று அவர் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். பாதி வரி எழுதியிருப்பார். அவள் கைப்பையைத் திறந்து சிமிழை எடுத்து மேசைமேல் வைத்தாள்.